பூகம்பம் அதிகமாகுதா அண்ணே?

என் தங்கை மும்தாஜுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. போன வருஷம் ஒரு சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில், கையில் போனை நீட்டிக்கொண்டே வந்து நின்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. சலாம் சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

“அண்ணே, இதப் பாரு. உலகம் பூரா பெரிய பெரிய பூகம்பமா வருதாம். வருஷா வருஷம் அதிகமாயிட்டே போவுதாம். நெசமா?”

“யாரு அனுப்புனா?”

“யாரு அனுப்புனா உனக்கென்ன? நீ காலம் பூரா அந்தப் பூகம்ப ஆபீஸ்லதானே குப்ப கொட்டுன. அதிகமாவுதா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு.”

அந்த ஒரே வார்த்தைக்காக அவள் ஏன் இப்படிப் பறந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் மகள் சபீனா நர்ஸ் படிப்பு முடித்தவள். தினமும் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய் ஜப்பான் மொழி கற்றுக்கொண்டு வந்தாள். அப்போது ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க, பூமி நிலையாக நிற்காத ஊருக்கா என் பிள்ளையை அனுப்புவேன் என்று மும்தாஜ் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாள். குவைத்தில் இருக்கும் அவள் வீட்டுக்காரர், என் மச்சான் சலீம், “அண்ணன் அந்த வேலையில இருந்தவரு. அவரு சொல்றபடி செய்” என்று போனிலேயே கை கழுவிவிட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டு தலைவலியை எனக்குப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டார் மனுஷன்.

“நீ இல்லன்னு சொன்னா அனுப்புறேன். ஆமான்னு சொன்னா அவ பாஸ்போர்ட்ட பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன்” என்றாள் மும்தாஜ்.

அதே வாரத்தில்தான் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் செந்தில் கூப்பிட்டிருந்தான். ஆபீஸில் இனி காகிதம் கிடையாதாம், மனுஷன் பார்த்துப் படிக்க வேண்டிய கோடும் கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுமாம். “அந்தக் காலத்துல எப்படி சார் வேல பாத்தீங்க, ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்” என்றான். எனக்கு எழுத வராது என்று தட்டிக் கழித்துவிட்டேன். மும்தாஜ் கேட்டது மனசைவிட்டுப் போகவில்லை, இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வேலை முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது.

நான் மரக்காணம் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். டிப்ளமா முடித்ததும் ரேடியோ ரிப்பேர் கடை போடலாம் என்று இருந்தேன். அதற்குள் மலை மேலிருந்த ஒரு நிலநடுக்க ஆய்வகத்தில் ஆள் எடுத்தார்கள். எழுதினேன், கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் பேட்டரி துடைத்தேன், ஒயர் சுற்றினேன், பெரியவர்களிடம் திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வேலை என்று ஆரம்பித்தது வத்சலா மேடம் வந்த பிறகுதான். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் “ரஹீம், கொஞ்சம் வாங்க” என்று மெதுவாகக் கூப்பிட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அப்போதெல்லாம் கருவி இப்படி இருக்கும். ஒரு உருளை. அதன் மேல் காகிதம் சுற்றியிருக்கும். உருளை மெதுவாகச் சுற்றச் சுற்ற, மை தோய்ந்த பேனா முனை ஒன்று அதில் கோடு போட்டுக்கொண்டே நகரும். பூமி சும்மா இருந்தால் கோடு நேராக இருக்கும். எங்காவது நிலம் நடுங்கினால் முதலில் பேனா லேசாகத் துள்ளும். அது முதல் அலை. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது அலை வரும், பேனா வெறி பிடித்தது மாதிரி ஆடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று ஸ்கேல் வைத்து அளந்தால், நடுக்கம் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். எந்தத் திசை என்று சரியாகத் தெரியாது. அதற்கு இன்னும் இரண்டு ஊர் ஆய்வகங்களுக்கு டிரங்க் கால் போட்டு, தொண்டை கிழியக் கத்தி, அவர்கள் அளவையும் வாங்கி, வரைபடத்தில் மூன்று வட்டம் போட வேண்டும். மூன்றும் சந்திக்கிற இடம்தான் பூமி பிளந்த இடம்.

தினமும் காலையில் காகிதம் மாற்றுவோம். கழற்றிய காகிதத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றுமே பதிவாகாத நாளில் நான் அப்படியே சுருட்டி அலமாரியில் வைக்கப் போனேன். மேடம் பார்த்துவிட்டார்.

“ரஹீம், இதுல எதுவும் எழுதலையே?”

“ஒண்ணும் வரல மேடம்.”

“அப்போ ஒன்றும் இல்லைன்னு எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெறும் பேப்பர் வேற, ஒன்றும் இல்லைன்னு எழுதுன பேப்பர் வேற.”

அதோடு விடவில்லை. கோடு ரொம்ப அமைதியாகப் போனால் அவருக்குத்தான் முதலில் பயம் வரும். கருவி நிற்கும் கல் மேடைக்குப் போய் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். பேனா துள்ளினால்தான் முகம் தெளியும். தூங்குகிற பச்சைக் குழந்தையின் மூக்கில் தாய் விரல் வைத்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி. “அமைதியா இருக்குதா, இல்ல பேனாவே செத்துப்போச்சா, அத மொதல்ல பாருங்க” என்பார்.

உலகத்தில் எங்கே பெரிய நடுக்கம் வந்தாலும் மறுநாள் பத்திரிகைக்காரர்கள் போன் செய்வார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான். “மேடம், பூகம்பம் அதிகமாகிட்டு வருதா?” மேடம் திருப்பிக் கேட்பார். “நீங்க எப்போலேர்ந்து எண்ணுறீங்க?” அப்புறம் பொறுமையாகச் சொல்வார். “எண்ணிக்கை கூடிச்சுன்னா உடனே மண்ணைப் பாக்காதீங்க. எண்ணுற ஆளு கூடியிருக்கானா, எண்ணுற மெஷின் கூடியிருக்கா, அதப் பாருங்க.” பெரும்பாலும் இதை யாரும் போட மாட்டார்கள். பரபரப்பு இல்லாத செய்தியை யார் போடுவார்கள்?

அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று எனக்குப் புரிந்தது என் சொந்த ஊரிலேயே.

சுனாமி வந்துபோன சமயம். சுனாமி அன்றைக்கு மும்தாஜ் மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருந்தாள். கையில் சில மாதக் குழந்தை சபீனா. கடல் எழும்புவதைப் பார்த்துக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மேற்கே பார்த்து ஓடியவள், மெயின் ரோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. முட்டிவரை தண்ணீர் துரத்தியது என்பாள். அந்த உறவுக்காரர் வீட்டில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. மும்தாஜ் திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, இனி மரக்காணம் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைப் போல ஊரில் பாதிப் பேர் வெளியே இருந்தார்கள்.

கரையோரம் தற்காலிகமாகச் சில இடங்களில் கருவி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மரக்காணத்துக்கு மேடமும் நானும் வந்தோம். கருவிக்கு அடியில் பாறை இருந்தால் நல்லது. இங்கே பாறைக்கு எங்கே போவது? பூட்டும் கரண்டும் இருந்த ஒரே இடம், உப்பளத்து ஓரத்தில் மூட்டை அடுக்குகிற பழைய அறை. அங்கேயே வைத்தோம்.

வைத்த மறுநாள் காலையிலிருந்து பேனா துள்ள ஆரம்பித்தது. சின்னச் சின்னத் துள்ளல்கள், ஒன்றன் பின் ஒன்றாக, நெருக்கமாக. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பெரிய நடுக்கத்துக்கு முன்னால் சில சமயம் இப்படிச் சின்னதாக வரிசை கட்டி வரும் என்று படித்திருக்கிறேன். இது என் ஊர். கடலுக்கு அடியில் ஏதோ கூடிக்கொண்டிருக்கிறது, எங்கள் காலுக்குக் கீழேயே, என்று நினைத்தேன். கருவி அறையைக் கூட்டிப் பெருக்க வந்தவர் ஜன்னல் வழியாகப் பேனாவைப் பார்த்திருக்கிறார். “ஆடிக்கிட்டே இருக்குதாம்” என்று பஜார் முழுக்கப் பரவிவிட்டது. திரும்பி வந்திருந்த சில குடும்பங்களும் மறுபடி மூட்டை கட்டின. மும்தாஜ் திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள்.

“அண்ணே, நீ ஏன் இன்னும் அங்க இருக்குற? கெளம்பி வா. உன் உத்தியோகம் நாசமாப் போவ.”

மேடம் அவசரப்படவில்லை. ஒரு வாரத்துக் காகிதங்களைத் தரையில் விரித்து, முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வெகு நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரஹீம், இது வெயில் ஏறினதும் ஆரம்பிக்குது. மதியம் நின்னுடுது. சாப்பாட்டுக்கு நிக்கிற பூகம்பத்த நான் பாத்ததில்ல. வெளிய போய்ப் பாருங்க, என்ன நடக்குதுன்னு.”

பஜாரில் வளர்ந்த எனக்கு உப்பளம் என்றால் ரோட்டிலிருந்து தெரியும் வெள்ளைக் குவியல்தான். கோடையில் உப்பு வாருவதைப் பார்த்திருக்கிறேன். மழை முடிந்த கையோடு என்ன செய்வார்கள் என்று பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். மழையில் இளகிப்போன பாத்தியின் தரையை இறுக்குவதற்காக மிதிக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக ஒரு வரிசை, தோளோடு தோள் சேர்ந்து, ஒரே நேரத்தில் காலைத் தூக்கி ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். ஒரு கோடிக்குப் போனதும் திரும்பி மறு கோடிக்கு. களிமண் இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். நான் நின்ற வரப்பில் என் உள்ளங்காலுக்கு அந்த அடி கேட்டது. கருவி அறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேடத்துக்குச் சொன்னேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. “நெனைக்கிறோம், அவ்வளவுதான். நிறுத்திப் பாத்தாதான் தெரியும்” என்றார். மேஸ்திரி ஏழுமலையிடம் பேசி, ஒரு நாள் காலை மிதிக்காமல் இருக்கச் சம்மதம் வாங்கினேன்.

அன்று காலை கோடு நூல் பிடித்தது போல நேராகப் போனது. மேடம் கருவி மேடையை ஒரு தட்டுத் தட்டினார். பேனா துள்ளியது. உயிரோடுதான் இருக்கிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மும்தாஜுக்குப் போன் செய்யலாம் என்று கிளம்பினேன்.

வாசலைத் தாண்டவில்லை, “ரஹீம்” என்றார் மேடம்.

பேனா அசைந்துகொண்டிருந்தது. இது மிதிக்கிற காலின் துள்ளல் இல்லை. முதலில் லேசாக, பிறகு அகலமாக, மெதுவாக, விடாமல் ஆடியது. வெகு தூரம். கடலுக்கு அப்பால், முந்தின பெரிய நடுக்கம் வந்த அதே பக்கத்தில் ஒரு பலத்த பின்னதிர்வு. பெரியது வந்துபோன இடத்தில் கொஞ்ச காலத்துக்கு அப்படி வந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீர் எழும்பவில்லை. ஆனால் டிவியில் செய்தி ஓடியதும் ஊர் ரோட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஏழுமலை ஆட்களோடு கருவி அறைக்கு வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“பாய், நீங்க சொன்னீங்கன்னு மிதிய நிறுத்துனோம். நிறுத்துன அன்னிக்கே ஆடிடுச்சு. எங்கப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து மிதிக்கிறோம், இப்படி ஆனதில்ல. நாங்க மிதிச்சாதான் பூமி அமுங்கிக் கெடக்கும் போலிருக்குது. இனிமே ஒரு நாளும் நிறுத்த மாட்டோம்.”

சொன்னபடியே செய்தார்கள். மறுநாள் வழக்கமான ஆட்களோடு குடும்பமே இறங்கியது. லீவு நாளிலும் மிதித்தார்கள். தரை இறுகிய பாத்தியையும் திரும்ப மிதித்தார்கள். காலில் வெடிப்பு வந்து ரத்தம் கசியக் கசிய மிதித்தார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பயம் வந்தால் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கத்தான் மனசு சொல்லும். அவர்களிடம் இருந்தது கால், அதால் மிதித்தார்கள். என்னிடம் பேனா இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களைவிட எனக்குத் தைரியம் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

மேடம் அவர்களை ஐந்தாறு பேராக உள்ளே கூப்பிட்டார். வெளியே மற்றவர்களை மிதிக்கச் சொன்னார். பேனா துள்ளியது. நிறுத்தச் சொன்னார். நின்றது. அஞ்சலை என்ற பெண் மட்டும் வாசலில் நின்று ஒற்றைக் காலைத் தூக்கி வைத்தாள். பேனா ஒரே ஒரு துள்ளல் துள்ளியது. அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. பிறகு தூரத்து நடுக்கம் பதிவான காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் மேடம்.

“இது உங்க காலு. இது அங்க வந்தது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க மிதிச்சதால நிக்கவும் இல்ல, நிறுத்துனதால வரவும் இல்ல.”

ஏழுமலை இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முழுக்க நம்பிய முகம் இல்லை. அஞ்சலைதான் கேட்டாள்.

“அம்மா, அது வர்றதுக்கு முன்னாடியே உங்க பேனா சொல்லுமா?”

“சொல்லாது.”

“அப்போ எதுக்கும்மா இது?”

மேடம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வந்துச்சா, வரலியான்னு சொல்லும். அவ்வளவுதான் எங்களால முடியும்.”

“வரலைன்னு ஒருத்தர் பாத்துச் சொன்னாலே போதும்மா. படுத்தாத் தூக்கம் வரும்” என்றாள் அஞ்சலை.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து போகும்போது அவள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். “பாய், இன்னிக்கு?” நான் “ஒண்ணும் இல்லம்மா” என்பேன். அதுவே ஊருக்குச் செய்தியானது. லீவு நாளில் மிதிப்பது நின்றது. குடும்பங்கள் திரும்பின. நான் போன் செய்து, அவ்வளவு நாளும் ஆடியது நம்ம ஆளுங்க காலுதான் என்று சொன்ன பிறகு மும்தாஜும் குழந்தையோடு பஸ் ஏறி வந்தாள்.

அதனால்தான் அவள் என் வார்த்தையை இவ்வளவு நம்புகிறாள். அதனால்தான் போன வருஷம் அவள் வந்து நின்றபோது அந்த ஒரே வார்த்தையைச் சொல்ல நான் துணியவில்லை.

தெரிந்ததைச் சொன்னேன். பெரிய நடுக்கங்கள் அதிகமாகிக்கொண்டே வருகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. மிகப் பெரியவை பழைய கருவிகளுக்கும் தப்பாது, அதனால் அந்தக் கணக்கை ஓரளவு நம்பலாம். அதில் சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும், ஏறிக்கொண்டே போகவில்லை. சின்னவைதான் எண்ணிக்கையில் பெருகியது போலத் தெரிகிறது. முன்பு கருவி இல்லாத இடத்தில் எல்லாம் இப்போது கருவி இருக்கிறது. முன்பு எங்கோ மலைநாட்டில் ஆடினால் நமக்குத் தெரியாது. இப்போது ஆடி முடிப்பதற்குள் வீடியோ வந்துவிடுகிறது. ஆடுகிற நிலத்தின் மேல் வீடுகளும் மாடிகளும் பெருகிவிட்டன, அதனால் சாவும் பெரிதாகத் தெரிகிறது.

“நம்ம தெருவுல ஒரே மாசத்துல மூணு மவுத்து, சாவு மேல சாவா வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? தெருவுக்கே கண்ணு பட்டுடுச்சுன்னு பேசுனாங்க. அப்புறம் ரொம்ப நாளு ஒண்ணும் இல்ல. அது மாதிரிதான் மும்தாஜ். சேர்ந்தாப்பல வர்றப்ப அதிகமாயிட்ட மாதிரி தோணும்.”

“அந்த மூணு வீட்டுக்காரங்ககிட்ட போய்ச் சொல்லு, கணக்கு சரியாப்போச்சுன்னு” என்றாள் பட்டென்று.

பிறகு அவளே தொடர்ந்து கேட்டாள்.

“அதிகமாவல. சரி. கொறையுதா?”

“இல்ல. எப்பவும் போலத்தான்.”

“எப்பவும் போலன்னா இங்க வந்துச்சே, அந்த மாதிரி. அவ போற எடத்துல வருமா, அத சொல்லு.”

“வரும். சின்னது அடிக்கடி வரும். பெரிசு எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

பொய் சொல்லி அனுப்பவும் மனசில்லை, உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போடவும் மனசில்லை. மும்தாஜ் எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் எல்லாம் தெருவைப் பார்த்தே இருந்தன. சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படித்தான். திரும்பி மாட்டுகிற நேரம்கூட வீணாகக் கூடாது என்பாள். கதவுக்குப் பின்னால் பத்திரங்களும் டார்ச்சும் வைத்த பை தொங்கும். உள்ளே தாயும் மகளும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

“மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள் சபீனா. “அங்க எல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி கட்டியிருப்பாங்க. கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. ஆடுறப்ப ஓடக் கூடாது, டேபிளுக்கு அடியில போய்க் காலப் புடிச்சுக்கணும்னு.”

“ஓடக் கூடாதா?” மும்தாஜ் சீறினாள். “நான் ஓடலைன்னா நீ இன்னிக்கு இங்க உக்காந்து வாயாடிட்டு இருப்பியாடி?”

“அது தண்ணிக்கு ஓடுனதும்மா. ஆடுறப்ப ஓடக் கூடாது. ஆடி நின்னதும், கடல் பக்கமா இருந்தா, உடனே மேட்டுக்கு ஓடணும். நீ ஓடுன மாதிரியே.”

சபீனா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து காட்டினாள். முட்டி போட்டு, ஒரு கையால் தலையை மூடி, ஒரு கையால் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டாள். மும்தாஜ் குனிந்து பார்த்தாள். பிறகு, மூட்டு வலிக்காரி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முனகியபடியே அவளும் உள்ளே நுழைந்தாள். மகளின் தலைமேல் தன் கையையும் வைத்து மூடினாள். இன்னொரு கையால் மேஜைக் காலைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.

“இது ஆடுதேடி. அங்க போனதும் மொதல்ல நல்ல டேபிளான்னு பாத்துக்க.”

சபீனா அழுதுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்மதம் வந்துவிட்டது, ஆனால் எனக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கம்தான் அதிகமாக இருந்தது.

ஜப்பான் போன பிறகு சபீனா அனுப்பிய முதல் சேதி, அவள் தங்கிய இடத்து வாசல் படம். அங்கேயும் எல்லாரும் செருப்பை வெளியே பார்த்துத்தான் வைக்கிறார்களாம். மும்தாஜ் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினாள். அதற்கப்புறம் நடுக்கம் வரும்போதெல்லாம் குரல் பதிவு வந்தது. “அம்மா, இப்ப ஒண்ணு வந்துச்சு. தொங்குற லைட் மட்டும் ஆடுச்சு. இங்க பெரியவங்க யாரும் டீ குடிக்கிறத நிறுத்தக்கூட இல்ல.”

மும்தாஜ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். “அண்ணே, அங்க அதிகமாயிட்டே போவுது, அவ போனதுலேர்ந்து.”

“முன்ன நமக்கு அங்க ஆளு கெடயாது மும்தாஜ். இப்ப இருக்குறா, சொல்றா. அதான் அதிகமாத் தெரியுது” என்றேன். வத்சலா மேடம் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். அவர் காலமாகிச் சில வருஷமாகிறது.

இரண்டு மாதம் முன்பு, ஒரு மதியம். மும்தாஜ் வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை. தெருவைப் பார்த்துத் தயாராக இருந்த செருப்பை மாட்ட மறந்து வந்திருக்கிறாள்.

“அண்ணே, அஞ்சு நாளா அவகிட்டேர்ந்து ஒண்ணும் வரல.”

போனில் இருந்த, பூகம்பம் காட்டுகிற ஆப்பைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை. அவளிடம் அப்படியே சொன்னேன். சொன்னேனே தவிர, ஆப்பை மூடி மறுபடியும் திறந்து பார்த்தேன். அமைதியாக இருக்கிறதா, இல்லை பேனாவே செத்துவிட்டதா? கூப்பிட்டோம். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மும்தாஜ் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வலி எடுத்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

“டூட்டில இருந்தேம்மா. என்னாச்சு, ஏன் இப்படிக் கூப்பிடுறீங்க?”

“அஞ்சு நாளா ஏண்டி ஒண்ணும் அனுப்பல?”

“ஒண்ணும் ஆடலைம்மா. அதான் அனுப்பல.”

மும்தாஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனை நான் வாங்கினேன்.

“சபீனா, ஆடலைன்னாலும் சொல்லும்மா. ஒண்ணும் இல்லைன்னு எழுதி, உன் பேரு போட்டு அனுப்பு. தெனமும்.”

“ஒண்ணும் இல்லைங்கறத எதுக்கு மாமா அனுப்பணும்?”

“அனுப்பு. அதுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம்.”

இப்போது தினமும் வருகிறது. அஸருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்றைக்குள்ளதும் வந்துவிட்டது.

“இன்னிக்கு ஒண்ணும் இல்ல. சபீனா.”